தெளிப்பு உரம் கரைவதும் திரிவதும் ஏன்?

பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் வட்டாரத்தில் இன்று விவசாயம் செய்பவர்களுக்கு நிலமும் குறைவு, வேலையாட்களும் குறைவு. அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆவடி 2019-ல் தனி மாநகராட்சி ஆயிற்று. வீட்டுமனைகளுக்கு நடுவே எஞ்சியுள்ள அரை ஏக்கர், ஒரு ஏக்கரில் நெல், கீரை, கத்தரி, வெண்டை என்று சிறு விவசாயிகள் பயிர் செய்து வருகிறார்கள். உரத்தையும் பூச்சி மருந்தையும் ஒரே டேங்கில் கலந்து ஒரே நாளில் தெளித்துவிட்டால் ஒரு நாள் கூலி மிச்சம் என்று இவர்கள் நினைப்பது இயற்கையே.

ஆனால் அவசரத்தில் கலந்த கலவை பல சமயம் கைகொடுப்பதில்லை. டேங்கின் அடியில் வெள்ளைக் கசடு தங்குகிறது. நாசில் அடைத்துக்கொள்கிறது. சில வேளை எண்ணெய் தனியே மிதந்து, கடைசி இரண்டு லிட்டரில் மொத்தமாக இறங்கி இலைகளைக் கருக்கிவிடுகிறது. "மருந்து போலி" என்று கடைக்காரரிடம் சண்டை போடுவதில் முடிகிறது. பெரும்பாலும் மருந்தில் குற்றம் இருக்காது. எது எதில் கரையும், எது எதில் கரையாது என்பதைப் பார்க்காமல் கலந்ததே காரணமாக இருக்கும். இதை ஒருமுறை தெளிவாகப் புரிந்துகொண்டால் உரம், மருந்து, கிணற்று நீர் மூன்றையும் கையாளுவது எளிதாகிவிடும்.

உப்பு என்பது என்ன?

சமையல் உப்பு மட்டுமே உப்பு அல்ல. அம்மோனியம் சல்பேட், மியூரேட் ஆப் பொட்டாஷ், டி.ஏ.பி., துத்தநாக சல்பேட், மயில் துத்தம், ஜிப்சம் ஆகிய அனைத்தும் இரசாயன முறையில் உப்புகளே. ஒவ்வொரு உப்பும் நேர் மின்னேற்றம் கொண்ட துகள்களும் எதிர் மின்னேற்றம் கொண்ட துகள்களும் மாறி மாறி அடுக்கப்பட்டு உண்டாகிறது. இத்துகள்களை அயனிகள் என்கிறோம். நேரும் எதிரும் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டிருப்பதால்தான் உப்பு கெட்டியான படிகமாக இருக்கிறது. உப்பு கரைய வேண்டுமானால் அந்தப் பிடியை யாராவது தளர்த்த வேண்டும்.

அந்த வேலையைச் செய்வதில் நீருக்கு நிகர் இல்லை. நீரின் ஒவ்வொரு மூலக்கூறிலும் ஒரு பக்கம் சற்றே எதிர் மின்னேற்றமும், மறுபக்கம் சற்றே நேர் மின்னேற்றமும் இருக்கின்றன. காந்தத்துக்கு இரண்டு முனைகள் இருப்பது போல என்று வைத்துக்கொள்ளலாம். இதை முனைவுத்தன்மை என்பார்கள். உப்பை நீரில் போட்டவுடன் நீரின் எதிர்முனை நேர் அயனியைச் சூழ்ந்துகொள்கிறது. நீரின் நேர்முனை எதிர் அயனியைச் சூழ்ந்துகொள்கிறது. சண்டையிடும் இருவரை ஊரார் ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பிரிப்பது போல, அயனிகளை நீர் பிரித்துத் தன்னுள் வைத்துக்கொள்கிறது. நீருக்குள் இரு அயனிகளுக்கு இடையேயுள்ள ஈர்ப்பு, ஏறத்தாழ 80-ல் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது.

மண்ணெண்ணெய், டீசல், வேப்பெண்ணெய் போன்றவற்றுக்கு இப்படிப்பட்ட வலுவான முனைகள் இல்லை. மண்ணெண்ணெயில் அந்த ஈர்ப்பு பாதியளவே குறைகிறது. ஆகவே உப்பின் பிடி தளர்வதில்லை. போட்டது போட்டபடியே அடியில் கிடக்கும். சாராய வகைகள் நீருக்கும் எண்ணெய்க்கும் இடைப்பட்டவை. ஒரு கிலோ நீரில் சமையல் உப்பு சுமார் 360 கிராம் கரையும். ஒரு கிலோ மெத்தனாலில் சுமார் 14 கிராம்தான் கரையும். எத்தனாலில் ஒரு கிராம்கூடக் கரையாது. திரவத்தின் முனைவுத்தன்மை குறையக் குறைய உப்பு கரைவதும் குறைகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எண்ணெய், மெழுகு, பிசின் போன்றவற்றுக்கு இதன் எதிரிடை பொருந்தும். அவை மண்ணெண்ணெயில் கரையும், நீரில் கரையா. இனம் இனத்தோடு சேரும் என்று சுருக்கமாக நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம்

இரண்டு கண்ணாடி டம்ளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் தண்ணீரும் மற்றொன்றில் நல்லெண்ணெயும் ஊற்றி, இரண்டிலும் ஒரு சிட்டிகை தூள் உப்பு போட்டுக் கலக்குங்கள். தண்ணீரில் உப்பு மறைந்துவிடும். எண்ணெயில் எவ்வளவு நேரம் கலக்கினாலும், கலக்குவதை நிறுத்தியவுடன் அடியில் வந்து படிந்துவிடும்.

மாங்காய் ஊறுகாய் போடுகிற தாய்மார்களுக்கு இது தெரிந்த சங்கதியே. துண்டுகளில் உப்பைப் போட்டுக் குலுக்கி வைத்தால் மாங்காயிலிருந்து நீர் விட்டுக்கொள்கிறது. உப்பு அந்த நீரில்தான் கரைகிறது. மேலே ஊற்றும் எண்ணெயில் கரைவதில்லை.

இதிலிருந்து முதல் பாடம் கிடைக்கிறது. "உரத்தோடு கொஞ்சம் மண்ணெண்ணெய் சேர்த்தால் இலையில் சீக்கிரம் ஏறுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஏறாது. உரம் மண்ணெண்ணெயில் கரையாது. மண்ணெண்ணெய் தனியே மிதந்து இலையைச் சுட்டுவிடும். உரம் கரைக்க நல்ல தண்ணீரைத் தவிர வேறு எதுவும் வேண்டாம்.

நீரிலும் எல்லா உப்பும் ஒன்றுபோல் கரைவதில்லை

நீர் இழுக்கும் இழுப்புக்கும், உப்பின் உள்பிடிக்கும் நடக்கும் போட்டியில் எது வெல்கிறதோ அதைப் பொறுத்தே கரைதிறன் அமைகிறது. சுமார் 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் அம்மோனியம் சல்பேட் 750 கிராம் வரை கரையும். மியூரேட் ஆப் பொட்டாஷ் சுமார் 340 கிராமும், சல்பேட் ஆப் பொட்டாஷ் சுமார் 110 கிராமும் கரையும். ஜிப்சமோ லிட்டருக்கு இரண்டரை கிராமுக்குள்தான் கரையும். யூரியா உப்பு அல்ல. ஆனாலும் அதற்கும் முனைவுத்தன்மை இருப்பதால் நீரோடு நன்கு ஒட்டுகிறது. ஒரு லிட்டரில் ஒரு கிலோவுக்கு மேல் கரையும். யூரியா கரையும்போது வாளி சில்லென்று ஆவதைப் பார்த்திருப்பீர்கள். கரைவதற்கு வேண்டிய வெப்பத்தை அது தண்ணீரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. குளிர்ந்த நீரில் மற்ற உரங்கள் மெதுவாகக் கரையும். ஆகவே யூரியாவையும் பொட்டாஷையும் சேர்த்துத் தெளிப்பதானால் பொட்டாஷை முதலில் கரைத்துவிட்டு, பிறகு யூரியாவைப் போடுவது நல்லது.

பாறைப் பாஸ்பேட் தண்ணீரில் ஏறக்குறைய கரைவதே இல்லை. அதைக் கந்தக அமிலத்தோடு வினைபுரியச் செய்தால் நீரில் கரையும் பாஸ்பேட்டும் ஜிப்சமும் கலந்த சூப்பர் பாஸ்பேட் கிடைக்கிறது. இங்கிலாந்தில் ஜான் பென்னட் லாஸ் என்பவர் 1842-ல் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். நம் பக்கத்தில் ராணிப்பேட்டையில் பாரி கம்பெனி 1906-ல் சூப்பர் பாஸ்பேட் தயாரிக்கத் தொடங்கியது. கரையாத உப்பைக் கரையும் உப்பாக மாற்றுவதே இத்தொழிலின் சாரம். கல்லில் எவ்வளவு மணிச்சத்து இருந்தாலும் அது நீரில் இறங்கினால்தான் வேருக்குக் கிடைக்கும். சூப்பர் பாஸ்பேட்டிலும் ஜிப்சம் இருப்பதால் அது முழுதும் கரையாது. எனவே அதை அடியுரமாக மட்டும் இடுங்கள். கரைத்துத் தெளிக்கவோ, சொட்டுநீர்க் குழாயில் விடவோ வேண்டாம்.

டி.ஏ.பி. கரைசலும் அடிக்கசடும்

உளுந்து, பச்சைப்பயறு முதலியவற்றுக்குப் பூக்கும் தருணத்தில் ஒரு முறையும், 15 நாள் கழித்து மறுமுறையும் 2 சத டி.ஏ.பி. கரைசல் தெளிக்கும்படி சிபாரிசு செய்யப்படுகிறது. ஏக்கருக்கு 200 லிட்டர் தெளிப்பு நீரானால் 4 கிலோ டி.ஏ.பி. வேண்டும். இதை முதல் நாள் மாலையே சுமார் 20 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று தடவை கலக்கிவிட வேண்டும். மறுநாள் மேலே தெளிந்திருக்கும் நீரை மட்டும் துணியில் வடிகட்டி எடுத்து, மீதித் தண்ணீரைச் சேர்த்துத் தெளிக்க வேண்டும்.

அடியில் தங்கும் கசடைப் பார்த்து, "உரம் வீணாகிறதே" என்று சிலர் அதையும் கலக்கி டேங்கில் ஊற்றிவிடுகிறார்கள். பயிருக்கு வேண்டிய பாகம் ஏற்கெனவே கரைந்து மேல்நீருக்கு வந்துவிட்டது. கசடில் இருப்பது பெரும்பாலும் இரும்பு, அலுமினியம் சேர்ந்த கரையாத பாஸ்பேட்டும், குருணைக்குச் சேர்த்த பொருள்களுமே. அது இலைக்குள் போகாது, நாசிலைத்தான் அடைக்கும். அதை எருக்குழியிலோ வயலிலோ கொட்டிவிடுங்கள்.

நிலக்கடலைக்குச் சொல்லப்படும் கூட்டு ஊட்டக் கரைசலும் இதே முறைதான். எக்டருக்கு டி.ஏ.பி. இரண்டரை கிலோ, அம்மோனியம் சல்பேட் 1 கிலோ, போராக்ஸ் அரை கிலோ ஆகியவற்றை 37 லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, காலையில் வடித்தால் சுமார் 32 லிட்டர் தெளிவு கிடைக்கும். அதோடு 468 லிட்டர் நீர் சேர்த்து, விதைத்த 25-ம் நாளும் 35-ம் நாளும் தெளிக்கலாம். ஏக்கருக்கு இந்த அளவில் ஐந்தில் இரண்டு பங்கு போதும்.

தனித்தனியே தெளிவு, சேர்ந்தால் கலங்கல்

இரண்டு உரங்களும் தனித்தனியே நன்றாகக் கரைந்திருக்கும். ஒன்றாக ஊற்றியவுடன் பால்போல் வெளுத்துக் கலங்கிவிடும். ஏன்?

கரைசலில் உப்பு உடைந்து அயனிகளாகத் திரிகிறது என்று பார்த்தோம். இரண்டு கரைசல்கள் சேரும்போது ஒன்றன் நேர் அயனியும் மற்றொன்றின் எதிர் அயனியும் சந்திக்கின்றன. அவை சேர்ந்து உண்டாகும் புதிய உப்பு நீரில் கரையாத வகையாக இருந்துவிட்டால், உடனே கசடாகப் பிரிந்து அடியில் இறங்கும். கால்சியம் நைட்ரேட்டோடு அம்மோனியம் சல்பேட்டோ மக்னீசியம் சல்பேட்டோ சேர்ந்தால் ஜிப்சம் திரளும். கால்சியம் நைட்ரேட்டோடு டி.ஏ.பி. அல்லது மோனோ அம்மோனியம் பாஸ்பேட் சேர்ந்தால் கால்சியம் பாஸ்பேட் திரளும். துத்தநாக சல்பேட்டோடு டி.ஏ.பி. சேர்ந்தால் துத்தநாக பாஸ்பேட் திரளும். இப்படி நடந்தால் இரண்டு உரத்துக்கும் கொடுத்த காசு அடிக்கசடாகப் போய்விட்டது என்று பொருள்.

நெல்லில் துத்தநாகக் குறை தெரிந்தால் ஏக்கருக்கு 1 கிலோ துத்தநாக சல்பேட்டையும் 2 கிலோ யூரியாவையும் 200 லிட்டர் நீரில் கரைத்துத் தெளிக்கலாம். யூரியாவில் எதிர் அயனி இல்லாததால் அது துத்தநாகத்தைத் திரிய வைக்காது. ஆனால் அதே டேங்கில் டி.ஏ.பி.யைச் சேர்க்கக் கூடாது. சொட்டுநீர் அமைத்துள்ளவர்கள் கால்சியம் நைட்ரேட்டை ஒரு நாளும், பாஸ்பேட், சல்பேட் உரங்களை வேறொரு நாளும் விட வேண்டும். இடையில் வெறும் தண்ணீரை ஓடவிட்டுக் குழாயைக் கழுவுவது அவசியம். சொட்டுவான்களில் ஒருமுறை ஜிப்சம் படிந்தால் எடுப்பது மிகக் கடினம்.

திரிவது எப்போதும் கெடுதல் என்று எண்ண வேண்டாம். 1885-ல் பிரான்சு நாட்டின் போர்டோ பகுதியில் மில்லர்டே என்ற பேராசிரியர் திராட்சைக்குப் பரப்பிய போர்டோ கலவை, திரிவதையே மருந்தாக்கிய முறை. 100 கிராம் மயில் துத்தத்தை 5 லிட்டர் நீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை 5 லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் சிறுகச் சிறுக ஊற்றிக் கலக்கினால் 10 லிட்டர் 1 சதக் கலவை கிடைக்கும். அதில் தாமிரம் நீல நிறக் கசடாகத் திரிந்து இலையில் ஒட்டிக்கொள்கிறது. கரையாத பொருளாதலால் சிறு மழைக்குக் கழுவிப் போவதில்லை. பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரத்திலேயே கலக்க வேண்டும். கலவையில் பளபளப்பான இரும்பு ஆணியைத் தோய்த்துப் பாருங்கள். செம்பழுப்புப் படிவு ஏற்பட்டால் கரைந்த தாமிரம் இன்னும் மிச்சம் இருக்கிறது. அது இலையைச் சுடும். மேலும் சிறிது சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். கலந்த அன்றே தெளித்து முடிக்க வேண்டும்.

எண்ணெய் மருந்துக்குச் சோப்பு ஏன்?

வேப்பெண்ணெயை நேராகத் தண்ணீரில் ஊற்றினால் மிதக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டையும் இணைக்க ஒரு தரகர் வேண்டும். சோப்பே அந்தத் தரகர். சோப்பு மூலக்கூறின் ஒரு முனை உப்பு. அது நீரைப் பற்றுகிறது. நீண்ட வால் கொழுப்பு. அது எண்ணெயைப் பற்றுகிறது. இதனால் எண்ணெய் மிகச் சிறு துளிகளாகப் பிரிந்து நீர் முழுதும் பரவுகிறது. இது கரைசல் அல்ல, பால்மம். பசும்பாலில் கொழுப்பு மிதப்பதும் இவ்வாறே. இ.சி. என்று குறிக்கப்பட்ட பூச்சி மருந்துகள் தண்ணீரில் வெளுப்பதும் இதனால்தான். அவற்றில் மருந்து எண்ணெய் வகைத் திரவத்தில் கரைந்திருக்கிறது; அதோடு சோப்பு போன்ற பொருளையும் ஆலையிலேயே சேர்த்துவிடுகிறார்கள்.

3 சத வேப்பெண்ணெய்க் கரைசலுக்கு 10 லிட்டர் டேங்குக்கு 300 மில்லி எண்ணெய் வேண்டும். எண்ணெயில் சோப்புக் கரைசலையோ, லிட்டர் தெளிப்பு நீருக்கு 1 மில்லி வீதம் டீப்பால் போன்ற ஒட்டுத் திரவத்தையோ முதலில் ஊற்றி நன்றாக அடித்துக் கலக்க வேண்டும். பிறகு தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். மேலே எண்ணெய்ச் சொட்டு மிதந்தால் கலவை இன்னும் சேரவில்லை என்று அறியலாம். வெயில் தாழ்ந்த பிறகு தெளிப்பது நலம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கால்சியம், மக்னீசியம் மிகுந்த கடின நீரில் சோப்பு வேலை செய்யாது. சோப்பு கால்சியத்தோடு சேர்ந்து கரையாத உப்பாகித் தயிர்போல் திரண்டுவிடும். எண்ணெயைப் பிடிக்க ஆள் இல்லாமல் எண்ணெய் தனியே பிரியும். உங்கள் கிணற்று நீர் எப்படிப்பட்டது என்று அறிய, ஒரு பாட்டிலில் பாதி நீரும் சிறு சோப்புத் துண்டும் போட்டுக் குலுக்குங்கள். நுரை பொங்கினால் நீர் மென்மையானது. நுரை இல்லாமல் வெண்மையான திப்பி மிதந்தால் கடின நீர். அப்படியானால் தெளிப்புக்கு மழைநீரையோ, ஏரி நீரையோ பயன்படுத்துங்கள். அது கிடைக்காவிட்டால் சோப்புக்குப் பதில் டீப்பால் வகையைச் சேர்க்கலாம்; கடின நீரில் அது எளிதில் திரிவதில்லை.

இன்னொன்று: பால்மத்தில் உர உப்பு அதிகமாகச் சேர்ந்தால் பால்மம் உடையும். எனவே வேப்பெண்ணெயோடு டி.ஏ.பி. கரைசலைச் சேர்க்காமல் இரண்டு நாள் இடைவெளி விட்டுத் தனித்தனியே தெளிப்பதே பத்திரம்.

ஒரே களைக்கொல்லி, இரண்டு வடிவம்

2,4-டி என்ற களைக்கொல்லி சோடியம் உப்பாகவும், ஈதைல் எஸ்டராகவும் விற்கப்படுகிறது. சோடியம் உப்பு தூளாக இருக்கும், நீரில் கரையும். எஸ்டருக்கு உப்பின் குணம் இல்லை. எண்ணெய் வகைத் திரவத்தில் கரைத்து இ.சி. மருந்தாக வரும், நீரில் வெளுக்கும். இலையின் மெழுகுப் படலம் எண்ணெய் இனத்தைச் சேர்ந்தது. ஆகவே எஸ்டர் இலைக்குள் எளிதில் புகும். ஆனால் வெயிலில் ஆவியாகிக் காற்றில் பரவும் குணமும் அதற்கு உண்டு. சோடியம் உப்பு அப்படி ஆவியாவதில்லை.

நம் வட்டாரத்தில் ஒருவரது நெல் வயலுக்கு வரப்பை ஒட்டியே மற்றொருவரின் கத்தரியோ, தக்காளியோ, கீரையோ இருக்கும். இவை அகன்ற இலைப் பயிர்கள்; 2,4-டி பட்டால் இலை சுருண்டு முறுக்கிக் கெட்டுவிடும். நெல்லில் களை எடுக்க வாங்கிய மருந்து பக்கத்து நிலத்துக்காரரின் ஒரு போகத்தை அழித்துவிடக் கூடாது. ஆகவே கடையில் வாங்கும்போதே எந்த வடிவம் என்று லேபிளைப் பார்த்துக் கேட்டு வாங்குங்கள். காய்கறி அருகில் இருந்தால் எஸ்டரைத் தவிர்த்துவிடுங்கள். சோடியம் உப்பானாலும் தெளிப்புத் துளி காற்றில் போகும். காற்று வீசும் வேளையில் தெளிக்கக் கூடாது. சோடியம் உப்பையும் கடின நீர் திரிய வைக்கும் என்பதால் நல்ல நீரில் கலக்க வேண்டும். களைக்கொல்லி தெளித்த டேங்கில் காய்கறிக்கு மருந்து அடிப்பது அறவே கூடாது. அதற்கென்று ஒரு டேங்கைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

கிணற்று நீரிலுள்ள கண்ணுக்குத் தெரியாத உப்பு

கரைந்த உப்பு கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் பளிங்குபோல் இருந்தாலும் அதில் உப்பு இருக்கலாம். ஆனால் கரைந்த உப்பு அயனிகளாக இருப்பதால் மின்சாரத்தைக் கடத்தும். சுவீடன் நாட்டு விஞ்ஞானி அரீனியஸ் 1884-ல் இக்கருத்தைத் தம் டாக்டர் பட்ட ஆய்வில் எழுதினார். அதற்குப் பல்கலைக்கழகத்தில் குறைந்த தரமே கிடைத்தது. ஆனால் 1903-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மண் பரிசோதனை நிலையத்தில் மண்ணையும் நீரையும் மின் கடத்தும் திறனுக்குச் சோதிப்பது இந்த அடிப்படையில்தான்.

அந்த அளவு 1 டெசி சைமன் என்றால் லிட்டருக்கு சுமார் 640 மில்லி கிராம் உப்பு இருப்பதாகக் கொள்ளலாம். உங்கள் கிணற்று நீரில் அளவு 2 என்று வந்தால் லிட்டருக்கு ஏறக்குறைய ஒன்றேகால் கிராம் உப்பு. ஒரு ஏக்கரில் 5 செ.மீ. உயரம் நீர் கட்ட சுமார் 2 லட்சம் லிட்டர் வேண்டும். அதாவது ஒரே ஒரு பாசனத்தில் சுமார் 250 கிலோ உப்பை வயலில் கொண்டுவந்து விடுகிறோம். ஐந்து மூட்டை உப்பு! தண்ணீர் வெயிலில் ஆவியாகிப் போய்விடும். உப்பு ஆவியோடு போகாது, மண்ணிலேயே தங்கும். கோடையில் வரப்பு ஓரங்களில் வெள்ளையாகப் பூப்பது இதுவே.

இந்த உப்பை வெளியேற்ற, அதைக் கொண்டுவந்த நீரையே நாட வேண்டும். ஆனால் நல்ல நீராக இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை நமக்குக் கிடைத்த இலவசக் கழுவுநீர். ஐப்பசி, கார்த்திகையில் வயலைச் சமன் செய்து, வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி, பின்பு வடிகால் வழியே வடித்துவிட்டால் உவர் குறையும். வடிகால் இல்லாத வயலில் இது பயன் தராது. வீட்டுமனைக்காகப் பழைய கால்வாயைத் தூர்த்துவிட்ட இடங்களில் வயல்காரர்கள் ஒன்றுசேர்ந்து வடிகாலை மீட்பது, உரம் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய காரியம்.

உவர் வேறு, களர் வேறு. களர் நிலத்தில் சோடியம் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கும். வெறும் தண்ணீரால் போகாது. ஜிப்சத்தின் கால்சியம் வந்து சோடியத்தை வெளியேற்ற வேண்டும். ஜிப்சம் லிட்டருக்கு இரண்டரை கிராமுக்குள்தான் கரையும் என்று முன்பே சொன்னோம். 200 கிலோ ஜிப்சம் கரையவே குறைந்தது 80 ஆயிரம் லிட்டர் நீர் வேண்டும். ஆகவே காய்ந்த மண்ணில் தூவிவிட்டு மறுவாரமே பலனை எதிர்பார்க்கக் கூடாது. நன்கு தூளாக்கி, மண்ணில் கலந்து, நீர் கட்டி நிறுத்தி, பிறகு வடிக்க வேண்டும். எவ்வளவு ஜிப்சம் என்பதை மண் பரிசோதனைதான் சொல்ல வேண்டும்.

டேங்கில் கலக்கும் முன் கவனிக்க வேண்டியவை

1. லேபிளைப் படியுங்கள். சேர்க்கக் கூடாது என்று குறித்திருந்தால் சேர்க்காதீர்கள்.

2. உரத்தைத் தனி வாளியில் முழுதும் கரைத்து, வடிகட்டிய தெளிவை மட்டும் பயன்படுத்துங்கள்.

3. முதலில் பாட்டிலில் சோதியுங்கள். தெளிக்கப் போகும் அதே விகிதத்தில், அதே தண்ணீரில் ஒரு லிட்டர் கலந்து அரை மணி நேரம் வையுங்கள். கசடு, திப்பி, எண்ணெய்ப் படலம், சூடு எதுவும் தோன்றாவிட்டால் மட்டும் டேங்கில் கலக்கலாம்.

4. டேங்கில் பாதியளவு தண்ணீர் ஊற்றிய பின், நனையும் தூள் மருந்தைக் கூழாக்கி முதலிலும், இ.சி. மருந்தை அடுத்தும், உரத் தெளிவைக் கடைசியிலும் கலக்கிக்கொண்டே சேர்த்து, மீதித் தண்ணீரை நிரப்புங்கள்.

5. பால்மம் நேரம் ஆக ஆகப் பிரியும். தெளிக்கும்போது இடையிடையே டேங்கைக் குலுக்குங்கள். மறுநாளைக்கு மிச்சம் வைக்காதீர்கள்.

6. உரக் கரைசலின் செறிவைச் சிபாரிசுக்கு மேல் கூட்டாதீர்கள். அதிக உப்பு இலையிலுள்ள நீரை வெளியே இழுத்துக் கருக்கிவிடும்.

7. கையுறை, முகமூடி அணிந்து, மருந்தைக் குச்சியால் கலக்குங்கள். கையால் கலக்க வேண்டாம்.

பாட்டில் சோதனைக்கு அரை மணி நேரமே செலவாகும். அதைச் செய்யாமல் கெட்டுப்போன ஒரு டேங்க் மருந்தின் விலையை எண்ணிப் பார்த்தால் அந்த நேரம் பெரிதல்ல. சந்தேகம் இருந்தால் கலந்த பாட்டிலையும், மருந்து, உர லேபிள்களையும் எடுத்துக்கொண்டு உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தையோ, திரூரிலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தையோ அணுகுங்கள். நவரைக்கு நாற்று விடும் முன் கிணற்று நீரை ஒரு லிட்டர் பாட்டிலில் பிடித்து, கிணற்றின் அடையாளமும் தேதியும் எழுதி ஒட்டி, மண் மாதிரியோடு சேர்த்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். நீரில் என்ன கரைந்திருக்கிறது என்று தெரிந்த பிறகு, அதில் எதைக் கரைக்கலாம் என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.